பவளத் தொட்டியும் பினாயில் வாளியும்

அக்சிலியாவுக்குக் கோபம் வந்தால் அஸ்தம்பட்டியில் அந்தச் சந்துக்கே தெரிந்துவிடும். அன்று காலை வந்த கோபத்துக்குக் காரணம் ஒரு செத்த இறால்.

கூடத்தில் இருந்த கண்ணாடித் தொட்டி அவளுடையது. உப்புத் தண்ணீர், அதற்குள் பாறை, பாறைமேல் உயிருள்ள பவளங்கள். கடலே எட்டிப் பார்க்காத சேலத்தில் கடலை வளர்ப்பேன் என்று அடம்பிடித்து, கணவன் மார்ட்டின் தலையில் அடித்துக்கொண்டதைக் கூடச் சட்டை செய்யாமல் வளர்த்தாள். விளக்குப் போட்டதும் குட்டிப் பூக்களாக விரிகிற பவளங்கள், ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் தொடங்கியதிலிருந்து விரிய மறுத்தன. குடை மாதிரி நின்ற பெரிய பவளம் சுருங்கி, ஓரமெல்லாம் பழுப்பேறிக் கிடந்தது. மீன்கள் மட்டும் யாருக்கு வந்த விருந்தோ என்று சுற்றிக்கொண்டிருந்தன.

அவள் ஒரு கிளினிக்கில் ரத்தம் சோதிப்பவள். ஊரார் உடம்பில் இருக்கிற கோளாறையெல்லாம் குழாயில் ஊற்றிக் கண்டுபிடிப்பவளுக்குத் தன் வீட்டுத் தொட்டியில் ஓடுவது என்னவென்று பிடிபடவில்லை. உப்பு சரியாக இருந்தது, சூடு சரியாக இருந்தது, சோதித்த எல்லாமே சரியாக இருந்தன. வண்ண மீன் கடைக்காரர் விளக்கை மாற்றச் சொன்னார். போனில் இருந்த மீன் வளர்ப்போர் குழுவில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். எல்லாவற்றையும் செய்து பார்த்து அலுத்துப்போயிருந்த நேரத்தில்தான் தொட்டிக்குள் வளர்த்த இறால் மல்லாந்து கிடந்தது. தொட்டிக்குப் பக்கத்தில் வீடு துடைக்க உண்ணாமலை கொண்டுவந்து வைத்த வாளி இருந்தது. பினாயில் வாடை குப்பென்று அடித்தது.

அதற்குமேல் அவள் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

உண்ணாமலை அந்த வீட்டில் வேலை பார்த்தது இன்று நேற்றல்ல. சந்தில் இன்னும் இரண்டு வீடுகளுக்கும் அவள்தான். துடைப்பத்தைக் கீழே வைக்கக்கூட விடாமல் அவளை வாசல் கேட்டுவரை நடத்திக்கொண்டுவந்து, அங்கே நின்றுதான் அக்சிலியா கத்தினாள். தண்ணீரில் என்னத்தைக் கலந்தாய் என்றாள். வாயில்லாத உயிரைக் கொல்ல எப்படி மனசு வந்தது என்றாள். எதிர்வீட்டு மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த ஸ்ரீதேவி, உலர்த்திய துணியையே மறுபடி உதறிக்கொண்டு கேட்டாள்.

உண்ணாமலை புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"அதுகளுக்கு வாயில்லீங்க அக்கா. எனக்கு இருக்குது. நான் ஒண்ணும் கலக்கலீங்க."

அவ்வளவுதான் சொன்னாள், போய்விட்டாள். மற்ற இரண்டு வீட்டாரும் அந்த வாரமே அவளை நிறுத்திவிட்டார்கள். தண்ணீரில் விஷம் கலப்பவளை யார் வீட்டுக்குள் விடுவார்கள்?

அக்சிலியா தானே வெறும் தண்ணீரில் வீடு துடைத்தாள். இடுப்பு ஒடிந்தது. தொட்டித் தண்ணீரில் பாதியை மாற்றினாள். இனிமேல் தேறிவிடும் என்று காத்திருந்தாள். தேறவில்லை. கண்ணாடியில் ஒட்டியிருந்த நத்தைகள் ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்தன. பினாயில் வீட்டிலேயே இல்லை, உண்ணாமலையும் இல்லை, ஆனாலும் சாகின்றன. கோபத்தை இறக்கிவைக்க இடமில்லாமல் பாத்திரங்களை நங்கென்று வைத்தாள். மார்ட்டின் சங்ககிரி லாரி ஆபீசுக்கு டிபனைக்கூட முடிக்காமல் கிளம்பிப் போனான்.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக் கிளம்ப வேண்டுமென்று வழக்கத்தைவிட முன்னதாக எழுந்து கூடத்துக்கு வந்தாள். மாமனார் பாக்கியநாதன் தொட்டிக்குக் கீழே குனிந்து நின்றார். ரயில்வேயில் ஓய்வுபெற்றவர், சும்மா உட்காரத் தெரியாதவர். வெயிலில் தொட்டித் தண்ணீர் ஆவியாகிக் குறைந்தால் ஈடுகட்ட, கீழே ஒரு கேனில் நல்ல தண்ணீர் நிரப்பி வைத்திருப்பாள். அதற்குள் அவர் எதையோ ஊற்றிக்கொண்டிருந்தார்.

அவர் கையில் செம்புக் குடம்.

மாதா கோயில் திருவிழாவில் பொன்னாடையோடு சேர்த்து அவருக்குக் கொடுத்த குடம். செம்பில் வைத்த தண்ணீர் உடம்புக்கு நல்லது என்று யாரோ சொல்லிவிட, ராத்திரி ஜெபம் முடிந்ததும் அதில் தண்ணீர் நிரப்பி மூடுவதும், காலையில் இரண்டு டம்ளர் குடிப்பதும் தவக்காலம் தொடங்கியதிலிருந்து அவருடைய நியமம். மிச்சத் தண்ணீரை வீணாக்க மனம் வரவில்லை.

"உனக்குத்தான் வேலை ஓயலையேம்மா. நமக்கு நல்லதுன்னா அதுகளுக்கும் நல்லதுதானே?" என்றார், சிரித்துக்கொண்டே.

அக்சிலியாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. செம்பு கலந்த மருந்தைப் பவளத் தொட்டிக்குள் விடவே கூடாது என்று அவளுக்குத் தெரியும். மீன் தாங்கும், இறாலும் நத்தையும் பவளமும் தாங்காது. எல்லாவற்றையும் சோதித்தவள், செம்பு எங்கிருந்து வரப்போகிறது என்று அதை மட்டும் சோதிக்காமல் விட்டிருந்தாள். பூசைக்குப் போகாமல் வண்ண மீன் கடையைத் திறக்க வைத்து, செம்புக்கான சோதனை மருந்தை வாங்கிவந்து ஊற்றிப் பார்த்தாள். இருந்தது, நிறையவே இருந்தது.

அவரிடம் சொன்னாள். குரலைத் தாழ்த்தித்தான் சொன்னாள். மாமனாரிடம் வேறு எப்படிச் சொல்வது? அவர் குடத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பிறகு கேட்டார்: "அப்ப உண்ணாமலை ஒண்ணும் செய்யலையா?"

ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கன்னங்குறிச்சிப் பக்கம் உண்ணாமலை வீட்டுக்குப் போனாள். வழியெல்லாம் கோபம்தான். குடத்தின்மேல், அதைக் கொடுத்தவர்கள்மேல், துணி உதறிய ஸ்ரீதேவிமேல். வாசலில் வண்டியை நிறுத்தியபோது கோபப்பட ஒரே ஒருத்திதான் மிச்சமிருந்தாள். அவளும் வண்டியை விட்டு இறங்கத் தயங்கினாள்.

தப்பு என்னுடையது, நாளைக்கே வேலைக்கு வா என்றாள். உண்ணாமலை உட்காரச் சொல்லவில்லை.

"அப்ப யாருங்க அக்கா கலந்தது?"

"மாமா. தெரியாமப் பண்ணிட்டாரு."

"அவர கேட்டுல நிறுத்திக் கத்துனீங்களா?"

அக்சிலியா வண்டிச் சாவியை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றினாள்.

"நாளைக்கு வாரேனுங்க. ஊட்டுக்குள்ள இல்ல, கேட்டுக்கு. எங்க நின்னு சொன்னீங்களோ அங்க நின்னு சொல்லுங்க. அந்த ரெண்டு ஊட்டுக்காரங்களும் கேக்கோணும்."

மறுநாள் காலை உண்ணாமலை வந்தாள். தெருவில், கேட்டுக்கு வெளியே நின்றாள். எதிர் மாடியில் ஸ்ரீதேவி துணியோடு வந்துவிட்டாள். இரண்டு வீட்டிலும் சன்னல் திறந்திருந்தது. உள்ளே தொட்டியில் குடைப் பவளம் ஏறக்குறைய போய்விட்டது. மற்றவை பிழைக்குமா என்று தெரியாது.

அக்சிலியா கேட்டைப் பிடித்துக்கொண்டாள். "உண்ணாமலை ஒண்ணும் கலக்கலை. நான்தான் விசாரிக்காமப் பழி போட்டேன்" என்றாள். அன்றைக்குச் சந்து முழுக்கக் கேட்ட குரல் இன்றைக்குக் கேட்டைத் தாண்டவில்லை.

உண்ணாமலை மாடியை அண்ணாந்து பார்த்தாள். பிறகு இவளைப் பார்த்தாள்.

"அவங்களுக்குக் கேக்கலீங்க அக்கா. அன்னைக்கு மாதிரி சொல்லுங்க."