கடிக்க மறுத்த ரொட்டி

1

இந்தக் கதை ஒரு தொலைபேசிப் பொய்யில் தொடங்கியது. பொய் சொன்னவன் நான். நாட்டின் மேற்குக் கோடியில், நுகுஸில் உள்ள கால்நடை மருத்துவ நிலையத்தைக் கூப்பிட்டு, அவர்கள் புதிதாக வேலைக்கு எடுத்திருக்கும் பர்னோ என்ற மருத்துவருக்கு ஒட்டக முடி பட்டால் உடம்பெல்லாம் தடித்துவிடும்* என்று சொன்னேன். எதிர்முனையில் இருந்த அதிகாரி மரியாதையான மனிதர்.

"இங்க ஆடுதாங்க ஜாஸ்தி," என்றார். பிறகு, "நீங்க யாரு பேசறீங்க?" என்று கேட்டார். வைத்துவிட்டேன்.

பர்னோ என் ஒரே மகள். இருபத்தெட்டு வயது. அந்த அதிகாரி என் எண்ணைக் குறித்துவைத்து, இது யாருடையது தெரியுமா என்று அவளிடமே கேட்டுவிட்டார். அவள் நான்கு நாள் என்னோடு பேசவில்லை. நான் கிழக்குக் கோடியில், கோகந்தில், எங்கள் நகரப் பத்திரிகையின் சனிக்கிழமைப் பக்கத்துக்குக் கதை எழுதுகிறவன். பேச ஆளில்லாததால் எழுத உட்கார்ந்தேன்.

* ஏழு வயதில் ஒருமுறை தடித்தது. அது பூனையால்.

2

முதல் தொடக்கம்: "இல்ஹோம் என்ற இளைஞன் ஒருநாள் காலை தன் தந்தையிடம் வந்து, வெகு தொலைவில் ஒரு வேலை..."

(மகளை மகனாக மாற்றிவிட்டேன். பெண்ணை அனுப்ப ஒரு தந்தை மறுக்கிறான் என்றால் வாசகர்கள் என்னைப் பழைய காலத்து ஆள் என்பார்கள். இல்ஹோம் மூன்று பக்கம் வரைக்கும் நான் சொன்னதற்கெல்லாம் தலையாட்டினான். அங்கேதான் எனக்கு அவன்மேல் சந்தேகம் வந்தது. என் வீட்டில் அப்படி ஒன்று வளரவில்லை.)

இரண்டாவது தொடக்கம்: "அந்தத் தந்தை கெட்டவரில்லை. மகள் சமர்கந்தில் படித்த ஐந்து வருடமும் மாதம் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு..."

மாதம் இருமுறை. சரி, வாரம் ஒருமுறை. விடுதிக் காவலாளி எனக்கென்று ஒரு நாற்காலி போட்டுவைத்திருந்தார்.

3

எப்படித் தொடங்கினாலும் கதை ரொட்டியில் வந்து முட்டிக்கொள்கிறது. தூர தேசம் கிளம்புகிறவர்கள் வட்ட ரொட்டியில் ஒரு கடி கடித்துவிட்டுத்தான் வாசல் தாண்டுவார்கள். மிச்சத்தைச் சுவரில் ஆணியடித்து மாட்டிவைப்போம். திரும்பி வந்ததும் அவரவர் ரொட்டியை அவரவர்தான் தின்று முடிக்க வேண்டும். நான் அதோடு நிற்கவில்லை. சமர்கந்துக்குப் போன் போட்டு, "ரொட்டி காயுதும்மா," என்று வாராவாரம் தகவலும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஐந்தாம் நாள் அவள் வாயைத் திறந்தாள்.

"வெள்ளிக்கிழமை காலைல ரயில். டிக்கெட் எடுத்தாச்சு."

"ரொட்டி..."

"கடிக்க மாட்டேன்ப்பா."

எங்கள் குடும்பத்தில் இதுவரை யாரும் சொல்லாத வார்த்தை. "பட்டாளத்துக்குப் போறவனே கடிச்சிட்டுத்தான் போறான்," என்றேன்.

"அவன ஒரு வருஷத்துல விட்டுடுவாங்க. எனக்கு அந்த ஊரு பிடிச்சுப்போனா இருந்துடுவேன். வருவேனான்னு தெரியாம பொய்க்குக் கடிக்கச் சொல்றீங்களா? பொய் உங்களுக்கு நல்லா வரும். எனக்கு வராதுப்பா."

என் மனைவி சலோமத் அடுப்படியிலிருந்து, "உங்களுக்கு நல்லா வேணும்," என்றாள்.

4

ஆக, கதைக்கு நிறைய முடிவுகள் தயார் செய்தேன்.

(அ) அவள் போகிறாள். அங்கே வற்றிப்போன கடலிலிருந்து வரும் உப்புக் காற்று ஒத்துக்கொள்ளவில்லை. இருமலோடு மூன்றாம் நாள் திரும்பி வருகிறாள்.

(ஆ) அவள் போகிறாள். பெரிய பெயர் எடுக்கிறாள். எங்கள் மாவட்டத்துக்கே தலைமை மருத்துவராகத் திரும்பி வந்து, இரண்டு தெரு தள்ளி வீடு பார்க்கிறாள்.

(இ) பத்து வருடம் அவளிடமிருந்து சேதியே இல்லை. கடைசி வரியில் யாரோ கதவைத் தட்டுகிறார்கள்.

மூன்றாவதை எழுதி முடித்தபோது எனக்கே கண் கலங்கியது. நன்றாக எழுதுகிற கைதான் என்று நினைத்துக்கொண்டு சலோமத்திடம் கொடுத்தேன். மாவு படிந்த கையாலேயே புரட்டிப் பார்த்தாள்.

"பர்னோ அப்பா, எல்லாத்துலயும் அவ வந்துடறாளே."

"கதைன்னா அப்படித்தான் முடியும்."

"கதை முடியுதா, இல்ல உங்களுக்கு முடியலையா?"

உள்ளே போய்விட்டாள். நான் புதிய தாள் எடுத்தேன். (ஈ) "அவள் அங்கேயே..." அடித்தேன். "அவளுக்கு அந்த ஊர்..." அடித்தேன். "அவள் திரும்பி..." இதையும் அடித்தேன். ஒரு மனிதன் முப்பது வருடமாக எழுதுகிறான், ஒரு வாக்கியம் வரமாட்டேன் என்கிறது.

வாசகரே, இந்த இடத்தில் நான் மழுப்பக் கூடாது. அவளுக்கு ஏதாவது ஆகிவிடும் என்று பயப்படுவதாகத்தான் இத்தனை காலம் நினைத்திருந்தேன். அந்தத் தாளின் முன்னால் உட்கார்ந்தபோது தெரிந்தது, அவளுக்கு ஒன்றும் ஆகாது. நான் இல்லாமலே நன்றாக இருப்பாள். எனக்கு அதுதான் பயமாக இருந்தது. வலிக்கவும் செய்தது.

5

வெள்ளிக்கிழமை. ரயிலடி. அவள் தாஷ்கண்டில் வண்டி மாற வேண்டும். சலோமத் சுட்ட ரொட்டியைத் துணியில் சுற்றி நான்தான் எடுத்துப் போயிருந்தேன். நீட்டினேன். பர்னோவின் முகம் இறுகியது.

"அப்பா, நான் சொன்னேன்ல?"

"வழிக்குத்தாம்மா. முழுசா எடுத்துட்டுப் போ."

"கடிக்கணுமா?"

"பசிச்சா கடி."

வாங்கிப் பைக்குள் வைத்தாள். சட்டைக்குள் இருந்த கதையை எடுத்துக் கொடுத்தேன். நின்றபடியே படித்தாள். இல்ஹோம் என்று இருந்த இடத்திலெல்லாம் அடித்துவிட்டுத் தன் பெயரை எழுதினாள். பூனை அடிக்குறிப்பில் மட்டும் சிரித்தாள். மூன்று முடிவுகளையும் படித்தாள். (ஈ) என்று எழுதி மூன்று முறை அடித்திருந்த கடைசித் தாளை மட்டும் தனியாக உருவி மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டு மற்றதைத் திருப்பிக் கொடுத்தாள்.

"அத நான் பாத்துக்கறேன்ப்பா," என்றாள்.

"பத்திரிகைக்கு முடிவு வேணுமேம்மா."

"இல்லன்னு சொல்லிடுங்க."

வண்டி கிளம்பியது. அவள் ஏறிய பெட்டியைக் கவனித்துக்கொள்ளும் ரயில் ஊழியரின் எண்ணை முந்தின நாளே விசாரித்து வாங்கியிருந்தேன். (சொல்லவில்லையா? வாங்கியிருந்தேன்.) அவரைக் கூப்பிடவில்லை.

6

பத்திரிகை ஆசிரியர் இரண்டு முறை கேட்டுவிட்டார். முடிவில்லாத கதைக்குச் சனிக்கிழமைப் பக்கத்தில் இடமில்லையாம். முடிவு என்னிடம் இல்லை, நுகுஸில் இருக்கிறது என்றேன். உங்களுக்கும் அதே பதில்தான். பிடித்தால் (அ), (ஆ), (இ) மூன்றில் எதையாவது எடுத்துக்கொள்ளுங்கள், எனக்கு அவை இனி வேண்டாம்.

அவளே கூப்பிடுகிறாள். வாடகை அறை, அங்கத்திய காற்று, கூடத் தங்கி வேலை செய்கிறவர்களின் குறட்டை என்று என்னென்னவோ பேசுகிறோம். எப்போது வருவாய் என்று நான் கேட்கவில்லை. இன்றோடு பதினொரு நாள்.