கேட்கும் முன் சொன்ன பதில்

எங்கள் அப்பாவுக்குச் சீருடையைக் கண்டால் கால் தானாக எழும்பிவிடும். ஒஸ்லோவில் வருடக்கணக்காகப் பேருந்து ஓட்டுகிறார். அவரும் ஒரு சீருடைக்காரர்தான். ஆனாலும் ரயிலில் ரிக்கெற் பார்க்க ஒரு பொடியன் வந்தால்கூட எழுந்து நின்றுதான் காட்டுவார். நானும் தம்பி நிலனும் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம். இந்த மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமையோடு அந்தச் சிரிப்பு நின்றுபோனது.

அன்று மத்தியானம் ஒஸ்லோவின் புறநகரான குரோருட்டில் எங்கள் வீட்டு மணி அடித்தது. அம்மா பேர்கனில் சித்தியின் பிள்ளைப்பேறு பார்க்கப் போயிருந்தார். நான் தாதியர் பரீட்சைக்குப் படிக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு போனை நோண்டிக்கொண்டிருந்தேன். அப்பா கதவைத் திறந்தார். வாசலில் ஒரு பெண் பொலிஸும், அவருக்குப் பின்னால் ஓர் இளம் பொலிஸும்.

விஷயம் எனக்கு ஏற்கெனவே தெரியும். அதற்குள் குரோருட் முழுக்கத் தெரிந்திருந்தது. முந்தின நாள் முற்பகல் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் யாரோ ஒரு சின்னப் பையனை அடித்து விழுத்தி, போனையும் ஜாக்கெட்டையும் பறித்துக்கொண்டு ஓடியிருந்தான். உயரமான கறுப்புப் பையன், பச்சைத் தொப்பி என்று அடிபட்டவன் சொல்லியிருந்தான். நிலனின் கூட்டாளி லிபான் உயரம். சோமாலியன். பச்சைத் தொப்பி ஒன்றும் வைத்திருந்தான். அது போதும், அவனுடைய படத்தின் கீழே "கள்ளன்" என்று எழுதிப் போனுக்குப் போன் அனுப்பத் தொடங்கிவிட்டார்கள்.

"உங்கள் மகனும் லிபானும் எப்போதும் ஒன்றாக இருப்பார்கள் என்று சொல்கிறார்கள். சனிக்கிழமை..." என்று அந்தப் பெண் நோர்வீஜிய மொழியில் தொடங்கினார்.

அப்பா கேள்வியை முடிக்க விடவில்லை.

"என் மகன் தமிழ்ப் பாடசாலையில் இருந்தான். காலையிலிருந்து மத்தியானம் வரை. ஒவ்வொரு சனியும் போவான். அவன் படிக்கிற பிள்ளை" என்றார். சொல்லிவிட்டு இருவரையும் இருத்தித் தேநீர் ஊற்றிக் கொடுத்தார். வேண்டாம் என்றவர்களை விடாமல் பலகாரமும் எடுத்து வைத்தார். நான் அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு அழகாகச் சிரித்தார் என்று நினைக்க இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

ஏனென்றால் சனிக்கிழமை காலை தமிழ்ப் பாடசாலைத் தக்ஷாயினி ரீச்சர் போன் பண்ணி, "நிலன் வரேல்லையே, சுகமில்லையோ?" என்று கேட்டபோது நான் பக்கத்தில்தான் நின்றேன். அப்பா கண்ணும் வெட்டாமல், "ஓம் ரீச்சர், சாடையான காய்ச்சல்" என்று மானத்தைக் காப்பாற்றியிருந்தார்.

நிலன் எங்கே போயிருப்பான் என்பதும் எனக்குத் தெரியும். எங்கள் வீட்டுக்கு மேலே காட்டுக்குள் ஓர் ஏரி இருக்கிறது. மாரியில் அது உறைந்து இறுகிவிடும். அதில் ஓட்டை போட்டு, தூண்டிலை விட்டுக்கொண்டு மணிக்கணக்கில் குந்தியிருக்கும் பைத்தியம் இந்த இரண்டு பேருக்கும் இருந்தது. இந்த நாட்டுக்காரர் பிள்ளைகளே மறந்துபோன விளையாட்டு அது. எங்கள் யாழ்ப்பாணத்தானும் அந்த மொகடிசுக்காரனும் அதைப் பிடித்துக்கொண்டு தொங்கினார்கள். அப்பாவுக்கு உறைந்த ஏரி என்றாலே நெஞ்சிடி. ஆகவே வீட்டில் தமிழ்ப் பாடசாலை என்று சொல்லிவிட்டு நிலன் அங்கே போவான்.

அவர்களுடைய சிநேகம் பாலர் பள்ளியில் தொடங்கியது. ஒருவனுக்குப் பன்றி ஆகாது, மற்றவனுக்கு மாடு ஆகாது. சொசேஜ் சுடுகிற நாட்களில் இருவரையும் தனி மேசையில் இருத்தி மீன் கட்லட் கொடுத்தார்கள். அன்று ஒட்டியவர்கள் பதினாறு வயதிலும் பிரியவில்லை.

பொலிஸ் போன பிறகு நிலன் அறையை விட்டு வெளியே வந்தான். முகத்தில் இரத்தமே இல்லை.

"அப்பா, நான் லிபானோடைதான் நிண்டனான்."

"தெரியும்."

"தெரிஞ்சுகொண்டோ அப்பிடிச் சொன்னனீங்கள்?"

"வாயை மூடு. வந்தவங்கள் போட்டாங்கள். கதை முடிஞ்சுது."

"அவன்ரை கதை முடியேல்லை அப்பா. அவனை விசாரிச்சிருக்கிறாங்கள். அவன் ஏரியிலை தனிய நிண்டதெண்டு சொல்லிப்போட்டான். நீங்கள் என்னை ஏசுவீங்கள் எண்டுதான் அப்பிடிச் சொன்னவன்." போனை நீட்டினான். 'நான் தனியாக இருந்ததாகச் சொல்லிவிட்டேன். நீ வராதே' என்று லிபான் எழுதியிருந்தான்.

பனி ஏரியில் தன்னந்தனியாக மீன் பிடித்துக்கொண்டிருந்தேன் என்று ஒரு சோமாலியப் பையன் சொன்னால் யார் நம்புவார்கள்? எனக்கே நம்பக் கஷ்டமாக இருந்திருக்கும்.

"நாங்கள் போய்ச் சொல்லவேணும் அப்பா" என்றேன் நான்.

அப்பா என் பக்கம் திரும்பவே இல்லை. நிலனைப் பார்த்துத்தான் சொன்னார். "எனக்குப் பதினேழு வயசு. ஊரிலை ஆமிச் சென்றியிலை என்ரை சிநேகிதனைப் பிடிச்சு வைச்சிருந்தவங்கள். நான் வலியப் போய், இவன் என்னோடைதான் நிண்டவன் எண்டு சொன்னன். என்னையும் ட்ரக்கிலை ஏத்தினாங்கள். நான் திரும்பி வந்தனான். அவன் வரேல்லை. அண்டைக்குப் பிறகு எங்கடை வீட்டிலை ஒரே கதைதான். ஆர் வந்து கேட்டாலும், கேக்க முன்னம் சொல்லு, பிள்ளை படிக்கப் போனவன் எண்டு."

"இது நோர்வே அப்பா."

"உடுப்புப் போட்டவன் எங்கையும் ஒண்டுதான்."

எனக்கு அப்பா மேல் கோபம் கோபமாக வந்தது. அவர் சொன்ன கதை பொய்யில்லை என்பதால் இன்னும் கூடுதலாக வந்தது. நிலன் அறைக்குள் போனான். இரவு சாப்பிடவில்லை.

திங்கட்கிழமை லிபான் பாடசாலைக்கு வரவில்லை. மத்தியானமே நிலன் வீட்டுக்கு வந்துவிட்டான். "அக்கா, பின்னேரம் அவனைத் திரும்ப வரச் சொல்லியிருக்கிறாங்களாம். நான் பொலிஸுக்குப் போறன்" என்றான். மெதுவாகத்தான் சொன்னான். ஆனால் பின்னேர வேலைக்குப் போக இருந்த அப்பாவின் காதில் அது விழுந்துவிட்டது.

அவர் கத்தவில்லை. எழுந்து போய், வாசலில் இருந்த பனிச்சப்பாத்துகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டார். என்னுடையதையும்தான். நிலவறைக்குக் கொண்டுபோய்ப் பூட்டி வைக்கப் போய்விட்டார். நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

நிலன் வெறுமையாகிப்போன சப்பாத்துத் தட்டைப் பார்த்தான். குளியலறைச் செருப்பைக் காலில் மாட்டினான். அப்படியே படியிறங்கிப் போனான். வெளியே மூக்குத் துவாரம் உறைகிற குளிர். வேறு வழியில்லாமல் அம்மாவின் கோயில் செருப்பை மாட்டிக்கொண்டு நானும் பின்னால் ஓடினேன். வழுக்கி வழுக்கிப் போன எங்கள் இருவரையும் பார்த்து ஒரு கிழவர் நாயோடு நின்றுவிட்டார்.

ரயில் மேடையில் நிலனின் கால் விரல்கள் சிவந்து வீங்கியிருந்தன. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான். அப்போது அப்பா மூச்சு வாங்க வந்தார். ஒரு கையில் சப்பாத்துப் பை. தோளில் இன்னொரு பை.

இழுத்துக்கொண்டு போகத்தான் வருகிறார் என்று நினைத்து நான் நிலனுக்கு முன்னால் போய் நின்றேன். அப்பா என்னைத் தாண்டிக் குனிந்து அவனுடைய சப்பாத்தைக் கீழே வைத்தார்.

"போடு. விறைச்சுப் போவாய்" என்றார்.

ரயில் வந்தது. மூவரும் ஏறினோம்.

பொலிஸ் நிலையத்தில் அதே பெண்தான் இருந்தார். நிலன் முழுவதையும் சொன்னான். எத்தனை மணிக்கு ஏரிக்குப் போனார்கள், ஓட்டை எங்கே போட்டார்கள், லிபானின் தூண்டில் எப்படிச் சிக்குப்பட்டது. பிறகு தன் போனைத் திறந்து ஒரு படத்தைக் காட்டினான். பச்சைத் தொப்பியோடு லிபான், கையில் விரல் அளவு மீன், முகம் கொள்ளாத சிரிப்பு. படத்தில் நாளும் நேரமும் இருந்தன. அவர் வாங்கிப் பார்த்து, தலையாட்டி, எழுதிக்கொண்டார். அவ்வளவுதான். ஒரு தேநீர் ஆறுகிற நேரம்கூட ஆகவில்லை.

"ஆனால் நேற்று நீங்கள் வேறு மாதிரிச் சொன்னீர்கள்" என்று அவர் அப்பாவைப் பார்த்தார்.

அப்பா எழுந்து நின்றார். "நான் பொய் சொன்னேன். மகனுக்கு அதில் பங்கில்லை" என்றார். தோளிலிருந்த பையைக் கழற்றி மேசையில் வைத்துத் திறந்தார். ஒரு சுவெற்றர், துவாய், பல்தூரிகை, பிரஷர் குளிசைப் பெட்டி.

"எங்கேயாவது பயணம் போகிறீர்களா?" என்று அந்தப் பெண் கேட்டார்.

அதற்குமேல் அப்பாவுக்கு நோர்வீஜியம் கைகொடுக்கவில்லை, என் பக்கம் திரும்பினார். "எவ்வளவு நாளைக்கு வைச்சிருப்பாங்கள் எண்டு கேள், பிள்ளை. வேலைக்குச் சொல்லவேணும்."

அந்தக் கேள்வியை என்னால் மொழிபெயர்க்கவே முடியவில்லை. நிலன்தான் தலையைக் குனிந்துகொண்டு மொழிபெயர்த்தான். பொலிஸிடம் பொய் சொல்வது இந்த நாட்டில் பாரதூரமான விஷயம் என்று அந்தப் பெண் கண்டிப்பாகச் சொன்னார். பிறகு, "இன்று உங்களை யாரும் வைத்திருக்கப் போவதில்லை. அடுத்த முறை உங்கள் மகனைப் பதில் சொல்ல விடுங்கள்" என்றார். அப்பா பையை மூடப் பார்த்தார். சிப் சிக்கிக்கொண்டது. நான் மூடிக் கொடுத்தேன்.

வெளியே நடைவழியில் லிபானும் அவனுடைய தாய் ஹோடானும் இருந்தார்கள். விசாரணை தேவையில்லை, வீட்டுக்குப் போகலாம் என்று அவர்களுக்கும் சொல்லியிருந்தார்கள். ஹோடான் எழுந்து அப்பாவிடம் வந்தார்.

"என் ஊரில் என்றால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன்" என்றார். குரல் உயரவில்லை. "ஆனால் உள்ளே போனது என் மகன்."

அப்பா தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றார்.

நிலன் லிபானிடம் போனான். "எல்லாம் சொல்லிவிட்டேன். படத்தையும் காட்டினேன்."

"எந்தப் படம்?"

"நீ மீனோடு நிற்கிறது."

லிபான் யோசித்தான். "அது சனிக்கிழமையே உன்னிடம் இருந்தது."

"நீதானே வராதே என்று எழுதினாய்?"

"ஆம், எழுதினேன்." அழுதுவிடக் கூடாது என்று முகத்தை இறுக்கி வைத்திருந்தான். "எழுதினால் நீ வராமல் இருந்துவிடுவாயா?"

லிபான் தாயின் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டு கதவைத் தள்ளி வெளியே போனான். நிலன் இரண்டடி பின்னால் போனான், பிறகு நின்றுவிட்டான். நான் அவனுடைய தோளைப் பிடித்தேன். கையைத் தட்டிவிட்டான்.