முப்பத்தொண்ணாவது வீடு

எங்க கம்பெனி சுரங்கம் தோண்டணும்னா அந்தத் தெருவுல இருக்கிற அறுபது வீட்டுல முப்பத்தொரு வீடு சம்மதிக்கணும். சம்மதிச்சுட்டா மொத்தத் தெருவும் காலி. வீடு வீடாப் போய்ப் பேசி, நம்பிக்கையைச் சம்பாதிச்சு, பதிலை எழுதிட்டு வர்றது என் வேலை. என் அத்தை வீடும் அதே தெருவுலதான். அதுக்காகத்தான் என்னை எடுத்தாங்க, வேற பெரிய தகுதி ஒண்ணும் கிடையாது.

முப்பது வந்து நின்னு போச்சு. இருபத்தொன்பது வீடு முகத்துக்கு நேரா முடியாதுன்னுட்டாங்க. பாக்கி அத்தை மட்டும். மாமா கூடவே செங்கல் சுமந்து கட்டின வீடு. கேட்டா என்ன சொல்வாங்கன்னு எனக்குத் தெரியாதா? மேனேஜர் வேற தினமும் என் மேசைகிட்ட வந்து செருமிட்டுப் போவார்.

மூணு தடவை போயும் ஆள் இல்லேன்னா 'மறுப்பு இல்லை'ன்னு எழுதலாம், அது சம்மதத்துல சேரும்னு எங்ககிட்ட ஒரு விதி. வியாழக்கிழமை காலையில அத்தை முழங்கால் வைத்தியத்துக்கு ஆஸ்பத்திரி போவாங்க. கம்பெனி வண்டியில. ஏற்பாடு பண்ணிக் கொடுத்ததே நான்தான். மூணு வியாழக்கிழமை போனேன். வெட்கங்கெட்டவ, தொங்குற பூட்டைப் பார்த்துக்கிட்டே கதவைத் தட்டினேன்.

முடிவைத் தெருமுனைப் பலகையில ஒட்டின அன்னிக்கே அத்தை ஆபீசுக்கு வந்துட்டாங்க. அந்தப் பட்டியல் அவங்க கையில. கையோட கிழிச்சு எடுத்துட்டு வந்திருக்காங்க! தெருப் பொம்பளைங்க நாலஞ்சு பேர் வாசல்ல நின்னாங்க.

"பொடி எழுத்துடி, கண்ணுக்குத் தெரியல. முப்பது பேர் யாருன்னு எனக்கு அத்துப்படி. கூட ஒருத்தர் கமுக்கமா தலையாட்டியிருக்காங்களே, அது யாரு? நீ எங்க வீட்டுப் பொண்ணு, பொய் சொல்ல மாட்டே. வாசி."

பட்டியலை வாங்கி விரிச்சேன்.

"நீங்கதான் அத்தை."

"என்னது? நானா? என்கிட்ட யாரு கேட்டா?"

"மூணு தடவை வந்தேன். நீங்க வீட்ல இல்ல. இல்லேன்னா சம்மதம்னு விதி."

"என்னிக்கு வந்தே?"

"வியாழக்கிழமை."

திட்டுவாங்கன்னு பார்த்தேன். நல்லா நாலு வார்த்தை வாங்கிக் கட்டிக்கிட்டா தேவலாம்னுகூட இருந்துச்சு. அத்தை முழங்காலைப் பிடிச்சுக்கிட்டு அப்படியே உட்கார்ந்துட்டாங்க.

"ஐயோ பாவம், மூணு தடவை அலைஞ்சியா? இந்த எழவெடுத்த வலியைப் பொறுத்துக்கிட்டு வீட்டுலயே கிடந்திருக்கலாம். என் சுகத்தைப் பார்த்துக்கிட்டு உன்னைத் திரும்பிப் போக விட்டுட்டேனே."

சொல்லிட்டு எழுந்து வெளிய போனாங்க. "யாருன்னு தெரிஞ்சுதா?"ன்னு பொம்பளைங்க மொய்ச்சுக்கிட்டாங்க.

"நான்தான். அவளைத் திட்டாதீங்க, என்னைத் திட்டுங்க."

ஜன்னல் திறந்துதான் இருந்துச்சு. ஒவ்வொரு வார்த்தையும் கேட்டுச்சு. போய் உண்மையைச் சொல்ல பத்தே அடி தூரம். நான் நாற்காலியை விட்டு எழுந்திரிக்கல.