விளக்குத் தீவுக்கு ஒரு மடக்குக்கத்தி

ஜெயபாலனுக்குக் கடலுக்கு நடுவே வேலை. மலாக்கா கரையிலிருந்து மோட்டார் போட்டில் போகவேண்டிய ஒரு பாறைத் தீவில், கப்பல்களுக்கு வழிகாட்டும் விளக்கைக் காப்பவர்களில் அவனும் ஒருவன். மூன்று மாதம் அங்கே, ஒரு மாதம் வீட்டில். கல்யாணமாகி இரண்டு வருஷத்தில் அவனோடு சேர்ந்து இருந்த நாட்களைச் சந்திரமதி எண்ணிப் பார்க்க விரும்பியதில்லை.

மலாயாவுக்குச் சுதந்திரம் கிடைக்கும் மெர்டேக்கா நாளுக்கு அவன் வந்துவிடுவான் என்று சொல்லியிருந்தார்கள். காஜா பெராங்கில் அவள் அண்ணன் வீட்டின் பின்கட்டில்தான் அவர்கள் குடித்தனம். அந்த ஒற்றை அறைக்கு அவளே வெள்ளையடித்திருந்தாள். சுண்ணாம்பு வாசம் போகுமுன் ராஜரத்தினம் வந்தார். தீவுக்கு அரிசியும் எண்ணெயும் கொண்டுபோகும் சர்க்கார் போட்டின் இஞ்சின் ஓட்டுபவர். உள்ளே வராமல் வாசலிலேயே நின்று சொன்னார்.

"மாத்து ஆளுக்குக் காய்ச்சல்மா. ஆஸ்பத்திரியில கெடக்குறாரு. பாலன் இன்னும் ஒரு மாசத்துக்கு அங்கதான்."

அவள் தலையாட்டினாள்.

"இன்னொண்ணு. அவன் கத்தி உடைஞ்சு போச்சு. கயிறு அறுக்கையில மடங்கி விரலைக் கடிச்சிருச்சு. பயப்படாத, சின்னக் காயந்தான். நல்ல கெட்டியா ஒரு மடக்குக்கத்தி வேணும்னான். நாளை மறுநாள் போட்டு. நானே வாங்கிட்டுப் போறேன்."

"நான் வாங்குறேண்ணே."

"உனக்குக் கத்தியப் பத்தி என்னம்மா தெரியும்?"

"எனக்கு அவரத் தெரியுமில்ல."

ஜாலான் துக்காங் எமாஸ் பக்கத்தில் யூனுஸின் இரும்புச் சாமான் கடை. தெருவில் ஏணி போட்டுப் புதுக் கொடிகளைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். கடையில் எல்லோரும் கயிறும் ஆணியும் கேட்டு நின்றார்கள். அவள் கேட்டதைக் கேட்டதும் யூனுஸ் ஒரு துணியை விரித்து, கத்திகளை வரிசையாக வைத்தார்.

"எதுக்கும்மா? பழம் நறுக்கவா, தோட்டத்துக்கா?"

"விளக்குத் தீவுல இருக்குறவருக்கு, பாய்."

"அங்க என்ன அறுப்பாரு?"

வீட்டுக்கு வந்தால் ஜெயபாலன் தூங்குவான், ரசம் கேட்பான், பந்து விளையாட்டுப் பார்க்கப் போவான். தீவைப் பற்றி அவன் சொன்னதில்லை. அவளும் கேட்டதில்லை. கேட்டால் அந்தத் தீவும் அறைக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும் என்று ஒரு பயம். இருக்கும் கொஞ்ச நாளையும் அதற்குப் பங்கு கொடுக்க அவளுக்கு மனமில்லை.

"கயிறு," என்றாள். "மீனு. அப்புறம் தெரியல பாய்."

யூனுஸ் சிரிக்கவில்லை. இரண்டு கத்திகளைப் பிரித்து முன்னே தள்ளினார். "இது எவர்சில்வர். கடல் காத்துல துருப்பிடிக்காது, ஆனா சீக்கிரம் மழுங்கிடும். இது உருக்கு. கூர் நிக்கும், ஆனா தினம் தொடைச்சு எண்ணெ போடணும். உங்க வீட்டுக்காரரு தொடைச்சு வைக்கிற ஆளா?"

"தொடைக்கிறதுதான் பாய் அவரு வேலையே. வீட்டுக்கு வந்தாலும் சிம்னியத் தொடைச்சுக்கிட்டே இருப்பாரு."

"அப்ப உருக்குதான்."

ஒவ்வொன்றாகத் திறந்து, அலகைப் பிடித்து அசைத்துப் பார்த்தாள். ஒன்று பக்கவாட்டில் ஆடியது. இன்னொன்றின் வில் தளர்ந்திருந்தது. விரல் நுனியால் தட்டினாலே மடங்கிவிடும் போலிருந்தது. அதை அவள் துணியின் மறு ஓரத்துக்கே தள்ளிவிட்டாள்.

"தானா மடங்காதது வேணும் பாய்."

யூனுஸ் உள்ளே போய் ஒரு பெட்டியோடு வந்தார். கொம்புப் பிடி போட்ட கனமான கத்தி. திறந்ததும் டக்கென்று பூட்டிக்கொண்டது. பிடியின் முதுகில் இருந்த விசையை அழுத்தினால்தான் மடங்கும். திறப்பதற்குள் அவளுக்கு நகம் வலித்தது.

"உங்களுக்குக் கஷ்டமா இருந்தா அவருக்குச் சரியா இருக்கும். பிடிதான் பெரிசு. அவரு கை எவ்வளவு இருக்கும்?"

அவள் பிடியைப் பற்றினாள். அவள் விரல்கள் முழுதாகச் சுற்றி வரவில்லை. போன முறை கிளேபாங் கடற்கரையில், யாரும் பார்க்காதபோது அவன் அவள் கையைப் பிடித்திருந்தான். அவன் பிடிக்குள் அவள் விரல் நுனிகள் மட்டுமே தெரிந்தன. கத்தியைப் பிடித்த வலது கையை இடது கையால் மூடினாள். அவன் கையின் கனமும் இப்படித்தான் இருந்தது. அப்படியே நின்றுவிட்டாள். யூனுஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டு, கயிறு கேட்டவரைக் கவனிக்கப் போனார்.

"இதுவே குடுங்க பாய்," என்றாள் கடைசியில்.

மறுநாள் முழுதும் அந்தக் கத்தியால்தான் சமைத்தாள். வெங்காயம், கத்தரிக்காய், கருவாடு எல்லாவற்றுக்கும் அதுதான்.

"அருவாமனை என்னாச்சு?" என்று கேட்டாள் அண்ணி ஜெயா.

"கூர் பாக்குறேன் அண்ணி."

சாயங்காலம் கழுவித் துடைத்து, தேங்காயெண்ணெய் தடவி மடக்கினாள்.

படகுத்துறையில் ராஜரத்தினம் கத்தியைத் திறந்து பார்த்து, சரிதான் என்று தலையை ஆட்டினார்.

"அண்ணே, அவரு அங்க எப்படி இருக்காரு?"

"எப்படி இருப்பான்? வேலை முடிஞ்சா மேல ஏறி நின்னு இந்தப் பக்கமே பாத்துக்கிட்டு இருப்பான். கேட்டா, மழை வருதான்னு பாக்குறேம்பான்."

"நானும் வரலாமாண்ணே?"

"சர்க்கார் போட்டும்மா. சுராட் வேணும், அனுமதிக் கடிதாசி. ஆபீசுல மாணிக்கவாசகம் கிராணியக் கேக்கணும். அதுக்குள்ள போட்டு போயிடும்."

கத்தியை வைத்துக்கொண்டு அடுத்த முறை தானே கொண்டுபோகலாமா என்று ஒரு கணம் தோன்றியது. அதுவரை அவன் எதை வைத்து அறுப்பான்? கத்தியை அனுப்பிவிட்டு நேரே ஆபீசுக்கு நடந்தாள்.

"பொம்பளைங்க யாரும் கேட்டதில்லையே," என்றார் குமாஸ்தா மாணிக்கவாசகம்.

"இப்ப நான் கேக்குறேன் சார்."

உள்ளே வெள்ளைக்கார அதிகாரி ஊருக்குத் திரும்புவதற்காகப் புத்தகங்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். கிராணி நீட்டிய தாளை முழங்காலில் வைத்துக் கையெழுத்துப் போட்டார். அடுத்த போட்டுக்கு அனுமதி.

மெர்டேக்கா அன்று ஊரே திடலில் திரண்டது. அண்ணியோடு அவளும் போனாள், எல்லோரோடும் சேர்ந்து கத்தினாள். பொழுது சாய்ந்ததும் கிளேபாங் கரைக்கு அண்ணியை அழைத்துப் போனாள். கடலில் வெகு தூரத்தில் ஒரு வெளிச்சம் வந்து வந்து போனது. ஊரில் வெடி வெடித்தபோது அண்ணி திரும்பிப் பார்த்தாள். சந்திரமதி திரும்பவில்லை.

செப்டம்பரில் போட்டில் போனபோது வழியெல்லாம் வாந்தி. தீவின் படிக்கட்டில் சாமான் இறக்க வந்து நின்ற ஜெயபாலன் அவளைப் பார்த்தான். கையிலிருந்த கயிற்றை விட்டுவிட்டான்.

"நீ எப்படி?"

"கையெழுத்து வாங்கினேன்."

சாமான் இறக்கி முடியும்வரைதான் நேரம். அவனுடைய கட்டில், தட்டு, டின்னில் வளர்த்த கங்கோங் கீரை எல்லாவற்றையும் பார்த்தாள். விரல் காயம் ஆறித் தழும்பாகியிருந்தது. இத்தனை நாள் கேட்காததையெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டாள். எங்கே குளிப்பீங்க, புயல் வந்தா என்ன செய்வீங்க, யாரோட பேசுவீங்க. அவன் அதிகம் பேசிப் பழகாதவன். கடைசிக் கேள்விக்கு, "உன்னோடதான்," என்று சொல்லிவிட்டு, விளக்கைக் காட்டுகிறேன் என்று முன்னால் படியேறினான்.

போட்டின் ஊதல் கேட்டபோது அவர்கள் பாதி வழிதான் ஏறியிருந்தார்கள்.

திரும்பும்போது அவளுக்கு வாந்தி வரவில்லை. பின்பக்கம் பார்த்தே உட்கார்ந்திருந்தாள். படிக்கட்டில் நின்ற உருவம் பாறையோடு பாறையாகிப் போனது.

"அடுத்த போட்டு எப்பண்ணே?"

"மாத்து ஆளு தேறிட்டாரும்மா. அடுத்த போட்டுல பாலனே வீட்டுக்கு வந்துருவான்."

"தெரியும்," என்றாள் சந்திரமதி. "அவரு மறுபடி தீவுக்குப் போனப்புறம் நான் வர்ற போட்டக் கேக்குறேன்."