கையில் கொடுக்கும் தட்டு

தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை. கல்கத்தா பக்கத்துச் சாந்த்ராகாச்சியில் பஸ் ஏற்றிவிட வந்த ராஜம், புருஷனைச் சும்மா விடவில்லை.

"பையனை நான் பாத்தாச்சு. எனக்குச் சம்மதம். இனி உங்க வாயிலதான் இருக்கு. ஆமாவோ இல்லையோ, இன்னைக்கே பொண்ணுகிட்ட சொல்லிடுங்க. காத்துக் காத்து முகமே வாடிப்போச்சு அவளுக்கு."

பன்னீர்செல்வம் தலையை மட்டும் ஆட்டினார். தண்டவாள வேலைக்காரர். வாரம் முழுக்கக் கடப்பாரை பிடித்த தோள், லீவு நாளில்தான் வலிக்க நேரம் பார்க்கும். ஒரே மகள் அனுராதாவுக்கு நியூ டவுனில் ஆபீஸ். அவள் கட்டிக்கொள்ள ஆசைப்படும் ரஞ்சன் டாக்குரியாக்காரன், பெங்காலி. வீட்டுக்கு வரச் சொன்னால் ஆளுக்கொரு மூலையில் விறைத்து உட்கார்ந்திருப்பார்கள் என்று, அவன் விளையாடுகிற இடத்துக்கே அப்பாவைக் கூப்பிட்டிருந்தாள்.

உயர உயரமான கட்டடங்களுக்கு நடுவே, இன்னும் யாரும் கட்டடம் எழுப்பாத புல்வெளி. அதில் ஒரு கம்பம் நின்றது. கம்பத்தின் உச்சியில் ஒரு வளையம், அதிலிருந்து தொங்கும் சங்கிலிகள், அடியில் இரும்புக் கூடை. பிளாஸ்டிக் தட்டைத் தூரத்திலிருந்து வீச வேண்டும், அது விழுந்த இடத்துக்குப் போய் அங்கிருந்து மறுபடி வீச வேண்டும். யார் குறைந்த வீச்சில் கூடைக்குள் சேர்க்கிறாரோ அவருக்கு ஜெயம். டிஸ்க் கோல்ஃப் என்று பெயராம்.

"அந்தக் குரங்குக் குல்லாவக் கழட்டுங்கப்பா. எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும். இந்த ஊர்ல குழந்தையே குல்லாவோடதான் பொறக்குது."

ரஞ்சன் ஓடிவந்து காலைத் தொட்டுக் கும்பிட்டான். "வாங்க காக்கு" என்று பெங்காலியில் சித்தப்பா முறை வைத்துக் கூப்பிட்டான். பையில் துழாவி ஒரு சிவப்புத் தட்டை எடுத்தான். வேகமாகப் பறக்கிற தட்டு புதியவர் பேச்சைக் கேட்காது, இது மெதுவாகப் போகும், சாதுவானது என்றான். கட்டைவிரல் மேலே, மற்ற விரல்கள் அடியில். கையை நெஞ்சோரமாக இழுத்து, தட்டைச் சாயவிடாமல் விட வேண்டும்.

"ஆஸ்தே, காக்கு, ஆஸ்தே. மெதுவா, முழுப் பலமும் வேணாம்."

பன்னீர்செல்வம் கையை இழுத்தார். விரல் பிரியவில்லை. இன்னொரு முறை இழுத்தார். தட்டு கையோடு ஒட்டிக்கொண்டது போலிருந்தது. பிறகு ஒரு முடிவுக்கு வந்தவராக விறுவிறுவென்று நடந்து போய், சங்கிலியை விலக்கி, தட்டைக் கூடைக்குள் வைத்துவிட்டுத் திரும்பினார்.

கூட ஆடியவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ரஞ்சனும்தான் சிரித்தான்.

"ஐயோ அப்பா! எறியணும்பா, போய் வைக்கக் கூடாது!"

"எறிஞ்சு பழக்கமில்லம்மா" என்றார் பாவமாக. "எங்க கேங்குல ஒரு சாமானையும் எறியக் கூடாது. சின்ன ஸ்பேனரா இருந்தாலும் நடந்து போய் அடுத்தவன் கையில குடுக்கணும். ஒருத்தன் அவசரத்துல வீசினதுலதான் எங்க மேஸ்திரிக்கு முட்டி போச்சு. இன்னும் நொண்டிக்கிட்டுத்தான் வர்றாரு."

அனு அதைப் பெங்காலியில் சொன்னாள். ரஞ்சனின் சிரிப்பு அடங்கியது. கூடையிலிருந்து சிவப்புத் தட்டை எடுத்துக்கொண்டு அத்தனை தூரமும் நடந்து வந்து, அவர் கையில் வைத்தான்.

முதல் நாள் மரியாதை, நாலு பேருக்கு முன்னால் காட்டுகிறான் என்று நினைத்துக்கொண்டார் அவர்.

புதியவர் என்பதால் அவரை மட்டும் நின்ற இடத்திலிருந்தே வீச விட்டார்கள். கண்ணை மூடிக்கொண்டு வீசினார். தட்டு சாய்ந்து, வளைந்து, ஓரத்துக் குட்டைக்குள் போய் விழுந்தது. ரஞ்சன் பேண்டை மடித்துக்கொண்டு சேற்றில் இறங்கினான். "அங்கிருந்தே போடுடா, நேரமாகுது!" என்று ஒருவன் கத்தினான். ரஞ்சன் தலையசைத்து மறுத்தான். தட்டைத் தன் சட்டையிலேயே துடைத்து, நடந்து வந்து கையில் கொடுத்தான். அடுத்த வீச்சு புதருக்குள். அப்போதும் அப்படித்தான். மற்றவர்களுக்குள் தட்டுகள் பறந்து பறந்து கைமாறின. இவருடையது மட்டும் நடந்தே வந்தது. யார் பார்க்கிறார்கள் என்று இப்போது அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பேசிக்கொண்டே வந்தான், கொடுத்தான், போனான்.

"என்னப்பா, அவனையே பாக்கறீங்க?"

"கையில குடுக்கறான்."

"நீங்கதானே சொன்னீங்க?"

"சொன்னேன். எத்தனையோ பேருகிட்ட எத்தனையோ சொல்லியிருக்கேன்."

அனுராதா அவர் பக்கம் திரும்பினாள். "அப்ப...?"

"அப்ப என்ன அப்ப? மத்தியானம் சாப்பிட வரச் சொல்லு. உங்கம்மா ஒரு ஆளுக்குச் சேத்துத்தான் உலை வெச்சிருப்பா."

அவள் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, குல்லா கன்னத்தில் உரச அவர் தோளில் முகத்தை அழுத்தினாள். வலிக்கிற தோள்தான். அவர் அசையவில்லை.

"விடும்மா, என் முறை வந்திருச்சு."

இந்தத் தடவை விரல் தானாகப் பிரிந்தது. தட்டு சாயாமல் போய்ச் சங்கிலியில் மோதியது. யார்டில் ரயில் பெட்டிகளைக் கோக்கிறபோது கேட்குமே, அப்படியொரு சத்தம். ஆனால் கூடையில் தங்கவில்லை, வெளியே விழுந்தது.

ரஞ்சன் குனிந்து எடுத்தான். நடக்கத் தொடங்கினான்.

"நில்லுப்பா, நானே வர்றேன்!" என்று பன்னீர்செல்வம் தமிழிலேயே கத்திவிட்டார்.

அவனுக்கு என்ன விளங்கியதோ, தட்டை இரண்டு கையிலும் பிடித்தபடி அங்கேயே நின்றான். அவர் புல்லில் கால் வீசி நடந்தார்.