குரேமட்சு காகிதம்

யோனாகோ ரயில் நிலையத்தருகே சலவைக்கடை வைத்திருக்கும் தோக்கியேவுக்கு, தெருவில் யார் வீட்டு மெத்தை எத்தனை நாளாக வெயில் காணவில்லை என்பதுவரை தெரியும். தெரிந்ததைத் தனக்குள் வைத்துக்கொள்ளும் வழக்கமும் கிடையாது. அப்பேர்ப்பட்டவள் ஒரே ஒரு சங்கதியை மட்டும் வருஷக்கணக்காக வாய் திறக்காமல் காத்துவந்தாள். கோடையிலும் வருஷக் கடைசியிலும் அக்கம்பக்கத்துக்கு அவள் கொடுக்கும் குரேமட்சு பேரங்காடிப் பரிசுகள் குரேமட்சுவில் வாங்கியவை அல்ல. பெட்டி சூப்பர்மார்க்கெட்டுடையது. மேலே சுற்றியிருக்கும், பைன் கிளை போட்ட நீலக் காகிதம் மட்டும்தான் குரேமட்சு. தனக்கு வந்த பரிசுகளின் காகிதங்களைக் கிழியாமல் பிரித்து அலமாரியில் அடுக்கி வைத்திருந்தாள். அந்த ஊரில் பரிசுக்குள் என்ன இருக்கிறது என்று யார் பார்த்தார்கள்? காகிதத்தைத்தான் பார்த்தார்கள்.

பார்க்காமல் என்ன செய்வார்கள்? குரேமட்சு நேற்று முளைத்த கடையா? கியோட்டோவில் பட்டு மூட்டையை முதுகில் சுமந்து தெருத்தெருவாக விற்ற ஒருவர் தொடங்கியது. பேரன்கள் காலத்தில், செருப்பைக் கழற்றாமலே கடைக்குள் வரலாம் என்று அறிவித்தபோது, நாடு கெட்டுப்போச்சு என்று பெரியவர்கள் தலையில் அடித்துக்கொண்டார்களாம். ரயில் போன ஊருக்கெல்லாம் கடையும் போனது. போர்க்காலத்தில் மின்தூக்கியைக் கழற்றி இரும்புக்குக் கொடுத்தது. போர் முடிந்ததும் மொட்டைமாடியில் ராட்டினம் போட்டது. அந்த ராட்டினத்தில் ஏறித்தான் தோக்கியே வாந்தி எடுத்தாள். கீழே நின்று அதை வாங்கிக்கொண்டவரைத்தான் பிற்பாடு கட்டிக்கொண்டாள்.

இப்போது ஊரே சூப்பர்மார்க்கெட்டில் வாங்கித் தின்றுகொண்டு, "குரேமட்சுவ மூடறாங்களாமே" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டது. மற்ற ஊர்க் கிளைகள் ஒவ்வொன்றாகப் போய்விட்டன. மிஞ்சியிருந்த யோனாகோ கிளைக்கும் வருகிற ஞாயிற்றுக்கிழமை கதவடைப்பு.

இந்த நேரம் பார்த்துத்தான் தோக்கியேவின் மகன் ஹிதேயாக்கிக்குச் சம்பந்தம் கூடிவந்தது. நாற்பதைத் தாண்டியவன். ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது, அதில் ஒன்று தாயார் வாயால். பெண் நகிசா. அவள் அப்பா சுகாயா, குரேமட்சுவின் பரிசுப் பிரிவுக்குத் தலைவர். அவர் முன்னால் வேறு கடைக் காகிதத்தோடு போய் நிற்க முடியுமா?

வாங்கத்தான் போனாள். ஆனால் வருஷக்கணக்கில் எட்டிப் பார்க்காதவர்களெல்லாம் தள்ளுபடிக்கு முட்டி மோதிக்கொண்டிருந்தார்கள். திரும்பிவரும் வழியில் சூப்பர்மார்க்கெட்டில் ஒரு கஸ்தேரா கேக் எடுத்தாள். அலமாரியிலிருந்து கையில் அகப்பட்ட காகிதத்தை உருவி, அதிலிருந்த பழைய மடிப்புத் தடத்திலேயே மடித்து ஒட்டிவிட்டாள்.

"அம்மா, அங்க வந்து ஊர்க்கதை பேசாத, உன்னைக் கும்பிடறேன்," என்றான் ஹிதேயாக்கி.

"நான் எப்படா பேசினேன்? கேட்டா சொல்லுவேன், அவ்வளவுதான்."

பெண் வீட்டில் சுகாயா பொட்டலத்தை இரண்டு கையாலும் வாங்கினார். பழக்கதோஷம், பின்பக்கம் திருப்பினார். அப்படியே நின்றுவிட்டார்.

அவர் பார்த்த இடத்தைத் தோக்கியேவும் பார்த்தாள். நல்ல காரியத்துக்கு வலப்பக்கத்து மடிப்பு மேலே வரவேண்டும். துக்கத்துக்குத்தான் இடப்பக்கம். தெருமுனையில் பாய் பின்னிவந்தவர் செத்தபோது, துக்கத்துக்குப் போனவர்களுக்கு அந்த வீட்டார் துண்டு அனுப்பினார்களே, அந்தக் காகிதம்! கல்யாணப் பேச்சுக்கு வந்த இடத்தில் சாவு மடிப்பு. பக்கத்தில் மகன் நிம்மதியாகத் தேநீர் உறிஞ்சினான்.

"என்னங்க, பொட்டலத்தையே முறைக்கறீங்க?" என்றாள் சுகாயாவின் மனைவி ஃபுசாயே.

"துக்க மடிப்பு," என்றார் அவர். "ஐயையோ" என்று அவள் வாயைப் பொத்துவதற்குள், பொட்டலத்தைக் கீழே வைத்துவிட்டுப் பாயில் நெற்றி படக் குனிந்தார்.

"தோக்கியே அம்மா, ஊரே வந்து 'இன்னும் எவ்வளவு குறைப்பீங்க'ன்னு கேக்குது. எங்க கடை சாகுதேன்னு துக்கம் விசாரிக்க வந்தது நீங்க ஒருத்தர்தான்."

"ஆமா… நம்ம ஊருக்கே இழப்புதானே," என்றாள் தோக்கியே. தப்பித்தோம் என்று மூச்சு விட்டாள்.

ஃபுசாயே எழுந்தாள். "வீட்ல வேற பலகாரம் இல்ல. நீங்க கொண்டுவந்ததையே உங்களுக்கு வெக்கிறேன், மன்னிச்சுக்கங்க."

"வேண்டாம், வேண்டாம்! சாமி மாடத்துல வைங்க. மெதுவா சாப்பிடலாம்!"

காகிதம் பிரிந்துவிட்டது. பெட்டிமேல் சூப்பர்மார்க்கெட்டின் மஞ்சள் சீட்டு பல்லிளித்தது: இன்றைய சிறப்புத் தள்ளுபடி.

நகிசா அப்பாவைப் பார்த்தாள். ஹிதேயாக்கி அம்மாவைப் பார்த்தான். மூன்றாவது சம்பந்தமும் போச்சு என்று அவன் முகத்தில் எழுதியிருந்தது. தோக்கியே கையைப் பாயில் ஊன்றினாள்.

"காகிதம் மட்டுந்தான் உங்களுது. மடிப்பும் தெரிஞ்சு போட்டதில்ல, பழைய தடத்துலயே மடிச்சுத் தொலைச்சேன். திட்டறதுன்னா என்னைத் திட்டுங்க. என் பையனுக்கு இந்தத் திருட்டெல்லாம் வராது. அவனுக்கு ஒரு பொட்டலம் மடிக்கவே தெரியாது."

சுகாயாவின் தோள் குலுங்கியது. அழுகிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

"எங்க கடையக் கொன்னதே அந்த சூப்பர்மார்க்கெட்தான்," என்றார், சிரிப்பை அடக்கமாட்டாமல். "கொன்னவனே துக்கம் விசாரிக்க வந்திருக்கான் பாரு ஃபுசாயே!"

சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்தது. சிரிப்பு நின்ற பிறகும் அது நிற்கவில்லை. ஃபுசாயே ஒரு கைத்துண்டை அவர் பக்கம் தள்ளிவிட்டு, கேக்கைத் துண்டு போடப் போனாள். முதல் துண்டை வேண்டாவெறுப்பாக எடுத்த சுகாயா, இரண்டாவதைக் கேட்டு வாங்கினார். அதைத் தோக்கியே கவனித்தாள். மறுநாள் தெருவுக்கே சொன்னாள்.

"அப்ப தேதி?" என்று மெல்ல ஆரம்பித்தாள் ஃபுசாயே.

சுகாயா வாயைத் துடைத்துக்கொண்டார். "ஞாயித்துக்கிழமை மட்டும் வேண்டாம். அன்னிக்கு எனக்கு ஒரு சாவு இருக்கு. அதுக்கப்புறம் எந்த நாள்னாலும் சரி, மாப்பிள்ளை."