ஹோபர்ட்டின் நாலு

"எங்கப்பாவுக்கு மெத்தடோன் எழுதிக் குடுங்க."

மருந்தின் பேரை மட்டும் வாயால் சொல்லிவிடாதே என்று வண்டியில் வரும்போதே ஹோபர்ட் மகள் ட்ரெஸ்ஸாவிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். அந்த நிலக்கரி ஊரில் இந்த மாதிரி போதை தரும் வலி மாத்திரையைப் பேர் சொல்லிக் கேட்கிறவர்களுக்கு ஒரே பட்டம்தான்: போதைக்காரன். ட்ரெஸ்ஸாவின் சித்தப்பா அந்தப் பட்டத்தோடுதான் செத்தார்.

டாக்டர் லாசன் பேனாவை மூடிவிட்டு, மருந்து யாருக்கு என்பதுபோல் அவளை ஏற இறங்கப் பார்த்தார். அவளுக்குக் காது மடல் சுட்டது. குடும்பத்திலேயே முதலில் காலேஜ் முடித்தவள், சட்டைக் கையைச் சுருட்டி ஊசித் தழும்பு இல்லை பாருங்கள் என்று காட்டிவிடலாமா என்று நினைத்தாள். நினைத்ததே கேவலமாக இருந்தது. சுரங்கக் கூரை விழுந்து தண்டுவடம் நசுங்கியதிலிருந்து, தொட்டால் தெரியாத அப்பாவின் கால்கள் கொதிக்கிற எண்ணெயில் வைத்ததுபோல் எரிகின்றன, நரம்பு மாத்திரைகளை மாற்றிப் பார்த்தும் தூக்கம்தான் வருகிறது, எரிச்சல் அடங்கவில்லை என்று சொன்னாள். வார்த்தைகள் படித்தவளுடையவை. குரல் மட்டும் சண்டைக்காரியுடையது.

டாக்டர் அவளை விட்டுவிட்டு அவரிடம் திரும்பினார். "பத்துக்கு எவ்வளவு வலி, ஹோபர்ட்?"

"நாலு."

சுரங்கத்தில் அடிபட்டவனிடம் மேஸ்திரியும் இதையேதான் கேட்பான். ஐந்து என்றால் மேலே அனுப்பிவிடுவான்; மேலே போனவனுக்கு அப்புறம் வேலை நிச்சயமில்லை. அதனால் அங்கே கை உடைந்தவனுக்கும் நாலுதான். கூரை விழுந்த அன்று தூக்கிவந்தவர்களிடமும் ஹோபர்ட் நாலு என்றாராம். ஊரில் இன்னும் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள்.

"காலையில நான் சாக்ஸ் மாட்டறப்ப துண்டைக் கடிச்சியே, அதுவும் நாலாப்பா?"

"பொண்ணு படிச்சவ, டாக்டர். கொஞ்சம் கூட்டித்தான் பேசுவா." சிரிக்கப் பார்த்தார். சக்கர நாற்காலியைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்திருந்தன.

கத்த வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டாள். அவர் டாக்டரைப் பார்க்கவில்லை. அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், பயந்துபோய். சாக்ஸ் அவள் மாட்டுவது, மூத்திரப் பை அவள் மாற்றுவது. மகள் முன்னால் அவரிடம் மிச்சமிருந்தது இந்த நாலு ஒன்றுதான். அதையும் டாக்டர் எதிரில் பிடுங்கியிருக்கிறாள்.

"திரும்பக் கேளுங்க டாக்டர்," என்று எழுந்தாள். "நான் இங்க இருக்கப்போறதில்ல."

"எங்க போற, பாப்பா?"

கதவைச் சாத்தினாள். வெளியே காத்திருந்த ஆண்கள் தரையைப் பார்த்தார்கள். அவர்களைத் தாண்டி, உள்ளே பேசுவது காதில் விழாத தூரத்துக்கு, மழை பெய்துகொண்டிருந்த முற்றத்தில் இறங்கி நடந்தாள்.